டிவியில் எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் தப்பு யார் பக்கம்? வீட்டிலேயே சோதிக்கும் வழி

நீங்கள் கேட்டது இது: புதிதாக 55 இன்ச் 4கே டிவி வாங்கியிருக்கிறீர்கள். அப்பா பார்க்கிற பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில், ஒரு சேனலில் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள், இன்னொன்றில் நெற்றியோடு வெட்டுப்படுகிறது, யூடியூபில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு. டிவியில் கோளாறா, கடைக்காரரிடம் மாற்றிக் கேட்கலாமா, அதற்கு முன்னால் வீட்டிலேயே சோதிக்க முடியுமா என்கிறீர்கள். கேள்வி டிவியைப் பற்றி இருந்தாலும், கண்டுபிடிக்க வேண்டியது வேறு: கேமராவில் பதிவான உருவம் உங்கள் சுவருக்கு வந்து சேர்வதற்குள் நடுவில் யார் அதை இழுத்தார்கள், யார் வெட்டினார்கள் என்பது. ஒரு இன்ச் டேப்பும் ஒரு பென் டிரைவும் இருந்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒளிபரப்பில் மாஸ்டர் கன்ட்ரோலிலும் (சேனலிலிருந்து படம் வெளியே போகும் கடைசி அறை), பிறகு எடிட்டிங்கிலும் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மாதிரிப் புகார்களில் டிவியின் பங்கு ரொம்பக் குறைவு.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். பழைய பிக்சர் டியூப் டிவியில் உள்ளே இருக்கும் சர்க்யூட் வயதாக வயதாகப் படம் ஒரு பக்கம் சுருங்கும், வளையும், அதைத் திருகித் திருகிச் சரிசெய்வார்கள். இப்போதைய எல்சிடி, ஓஎல்இடி பேனலில் அது நடக்கவே நடக்காது, ஏனென்றால் ஒவ்வொரு பிக்ஸலும் கண்ணாடியில் ஓரிடத்தில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. 3840 குறுக்கே, 2160 நெடுக்கே, எல்லாம் சதுரம். ஆகவே உங்கள் டிவி படத்தை இழுக்கிறது என்றால் அது இழுக்கச் சொல்லப்பட்டிருக்கிறது, மென்பொருளில் ஏதோ ஒரு செட்டிங் அப்படி இருக்கிறது. பேனல் கோளாறு என்று மாற்றித் தரச்சொன்னால், புது டிவியிலும் அதே குண்டு ஆட்கள்தான் வருவார்கள்.

இரண்டாவது உறுதி, விகிதங்கள், அதாவது அகலத்தை உயரத்தால் வகுத்தால் வருவது. மௌனப்பட காலத்து ஃபிரேம் 4:3, அதாவது 1.33. பேசும்படம் வந்து ஒலித்தடத்துக்கு இடம் விட்ட பிறகு, 1932இல் அகாடமி விகிதம் என்று 1.375ஐ நிர்ணயித்தார்கள். பழைய டிவியும் அதையொட்டி 4:3தான். 1953இல் ஹாலிவுட்டில் சினிமாஸ்கோப் (சுருக்கமாக ஸ்கோப்) என்ற அகலத்திரைப் படம் வந்தது, தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜ ராஜ சோழன். ஆக, உங்கள் அப்பா பார்க்கிற ஐம்பது அறுபதுகளின் தமிழ்ப் படம் ஏறக்குறைய சதுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஃபிரேமில் எடுத்தது. உங்கள் டிவியோ 16:9, அதாவது 1.78. இந்த எண்ணையே அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ், ஒரு பக்கம் 1.33க்கும் மறுபக்கம் ஸ்கோப்பின் 2.35க்கும் நடுவே ஒரு சமரசமாகக் கணக்குப் போட்டு எடுத்தார், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள், 1.77 வரும். சமரசம் என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதானே: பழைய படத்துக்கு இடதும் வலதும் கறுப்பு, ஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்பு. கறுப்பே இல்லாமல் 1955ஆம் வருடப் படம் உங்கள் திரையை முழுசாக நிரப்புகிறது என்றால் ஒன்று இழுத்திருக்கிறார்கள், இல்லை வெட்டியிருக்கிறார்கள், இல்லை இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். நாலாவதாக ஒரு வழி கிடையாது.

சரி, சோதனைக்கு வருவோம். வட்டம் வரைந்து பார்ப்பது டிவி அளவுக்கே பழைய வழக்கம், 1939இல் ஆர்சிஏ என்ற அமெரிக்கக் கம்பெனி வெளியிட்ட சோதனைச் சித்திரத்திலேயே வட்டங்கள் உண்டு, பிற்பாடு பிலிப்ஸின் பிஎம் 5544 படத்திலும் நடுவே பெரிய வட்டம்தான். நீங்களே ஒன்று செய்துகொள்ளலாம். ஏதாவது ஒரு வரைகலை மென்பொருளில் 3840க்கு 2160 அளவில் கறுப்புப் பின்னணி, அதில் 120 பிக்ஸலுக்கு ஒரு கோடு என்று கட்டம் போடுங்கள், குறுக்கே 32 சதுரம், நெடுக்கே 18 சதுரம், மிச்சமில்லாமல் வரும். நடுவில் 1920 பிக்ஸல் விட்டமுள்ள வட்டம். நாலு மூலையிலும் சின்ன வட்டம் ஒவ்வொன்று. கடைசியாக, படத்தின் விளிம்பிலேயே ஒரே ஒரு பிக்ஸல் தடிமனில் வெள்ளைக் கோடு சுற்றிலும். இதைப் படமாகச் சேமிக்காதீர்கள், ஒரு நிமிட வீடியோவாக எடுங்கள். பல டிவிகளில் புகைப்படம் காட்டும் மென்பொருள் வேறு வழியில் போகும், அதில் சரியாக வந்தது வீடியோவில் சரியாக வரும் என்று அர்த்தமில்லை.

பென் டிரைவில் போட்டு டிவியில் ஓட்டி, இன்ச் டேப்பைக் கண்ணாடியில் அழுத்தாமல் பிடித்து நடு வட்டத்தின் குறுக்கு விட்டத்தையும் நெடுக்கு விட்டத்தையும் அளந்துபாருங்கள். 55 இன்ச் டிவியின் திரை ஏறக்குறைய 121.8க்கு 68.5 சென்டிமீட்டர், ஆகவே இரண்டுமே 60.9 சென்டிமீட்டர் பக்கம் வர வேண்டும். போனில் படம் பிடித்து அளக்காதீர்கள், கொஞ்சம் சாய்ந்து பிடித்தாலே வட்டம் முட்டையாகிவிடும். நடு வட்டம் சரியாக இருந்தும் மூலை வட்டங்கள் மட்டும் அகலமாக இருந்தால், வைட் ஜூம், பனோரமா என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேரில் வைத்திருக்கும் செட்டிங்கில் ஏதோ ஒன்று இயங்குகிறது. அது நடுவில் இருக்கும் முகத்தை அதிகம் தொடாமல் ஓரத்தை மட்டும் இழுக்கும் தந்திரம். செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஓரத்தில் கொழுத்து, வேகமாக நுழைந்து, நடுவில் இளைத்து மெதுவாகி, மறுபடி கொழுத்து வெளியே போகும். நடு வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு டிவி சரி என்று சொல்பவர்கள் கோட்டை விடுவது இதைத்தான்.

வட்டம் எல்லாம் சரி, ஆனால் விளிம்புக் கோடு தெரியவில்லை என்றால் அது ஓவர்ஸ்கேன். பிக்சர் டியூப் காலத்தில் விளிம்பு கோணலாக இருக்கும் என்பதால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மறைப்பார்கள், அந்தப் பழக்கம் தேவையே இல்லாத காலத்திலும் பல டிவிகளில் தொடர்கிறது. இது இரண்டு பக்கமும் ஒரே அளவு பெரிதாக்குவதால் வட்டம் வட்டமாகவே இருக்கும், கோடுதான் காட்டிக்கொடுக்கும். விளிம்புச் சதுரத்தில் எவ்வளவு காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள், பாதிச் சதுரம் போயிருந்தால் மொத்த அகலத்தில் சுமார் 3 சதவீதம் இழப்பு. எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஸ்கிரீன் ஃபிட் அல்லது ஃபிட் டு ஸ்கிரீன், சோனியில் டிஸ்ப்ளே ஏரியாவில் ஃபுல் பிக்ஸல், இப்படி ஏதாவது ஒரு பெயரில் அதை நிறுத்தும் வசதி இருக்கும். நிறுத்திவிடுங்கள், அதனால் நஷ்டமில்லை, சில பழைய எஸ்டி (எச்டி அல்லாத) சேனல்களில் மேல் விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், அவ்வளவுதான்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பென் டிரைவில் சரியாக வந்தால் பென் டிரைவ் வழி சரி என்றுதான் அர்த்தம். எச்டிஎம்ஐ 1இல் செட்டாப் பாக்ஸ், 2இல் ஸ்ட்ரீமிங் ஸ்டிக், அப்புறம் டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப், ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலான டிவிகள் தனித்தனியாகப் பட அளவு செட்டிங்கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். லேப்டாப்பை அதே எச்டிஎம்ஐயில் மாட்டிச் சோதித்தாலும் முழுசாக நம்ப முடியாது, ஏனென்றால் கம்ப்யூட்டர் என்று அடையாளம் தெரிந்தால் சில டிவிகள் தாமாகவே ஓவர்ஸ்கேனை நிறுத்திவிடும், பாக்ஸை மாட்டியதும் திரும்பப் போட்டுவிடும். அதனால் நீங்கள் தினமும் எந்த வழியில் பார்க்கிறீர்களோ அந்த வழியில்தான் சோதிக்க வேண்டும்.

முடிந்தால் இரண்டாவது வீடியோ ஒன்றும் செய்யுங்கள்: எடிட்டிங் மென்பொருளில் பால் (PAL, நம் ஊர்ப் பழைய டிவி முறை) எஸ்டி 4:3 என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து, அதே வட்டம், 720க்கு 576. இங்கே பிக்ஸல் சதுரமில்லை. 720ஐ 576ஆல் வகுத்தால் 1.25 வருகிறது, ஆனால் காட்ட வேண்டியது 1.33. 'என்னை 4:3 ஆகக் காட்டு' என்று கோப்புக்குள் ஒரு குறிப்பு இருக்கும், அதை டிவி மதிக்கிறதா என்பதுதான் சோதனை. மதிக்காமல் பிக்ஸலுக்குப் பிக்ஸல் காட்டினால் ஆட்கள் 6 சதவீதம் ஒல்லியாவார்கள். இன்னொரு கூத்து, இந்தக் குறிப்பு வீடியோவுக்குள் ஒன்றும் வெளி உறையான எம்கேவி, எம்பி4 கோப்பில் வேறொன்றுமாக இருக்கலாம், கம்ப்யூட்டரில் ஒரு மாதிரியும் டிவியில் ஒரு மாதிரியும் தெரிவதற்கு அது ஒரு காரணம். எச்டிஎம்ஐயில் இதே விஷயம் வேறு உருவில் வரும்: 576 வரிப் படத்துக்கு 4:3 என்றும் 16:9 என்றும் தனித்தனி அடையாள எண்கள் உண்டு, 1080க்கு வந்துவிட்டால் 4:3க்கு எண்ணே கிடையாது. உங்கள் செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் 1080க்கு ஏற்றி அனுப்புகிறது என்றால், டிவிக்கு 'இது பழைய படம்' என்று பெரும்பாலும் தெரியாது. அதாவது முடிவெடுப்பது பாக்ஸ், பழி மட்டும் டிவிக்கு.

இப்போது முக்கியமான இடம். சேனலில் நம் சோதனை வீடியோவை ஓட்ட முடியாது, பிறகு எப்படி? சேனல் லோகோவைப் பாருங்கள், கீழே ஓடும் எழுத்தைப் பாருங்கள். படம் கோப்பாக வரும், ஒளிபரப்பாகும் கடைசி நிமிடத்தில்தான் மாஸ்டர் கன்ட்ரோலில் லோகோவும் எழுத்தும் அதன்மேல் ஏறும். ஆகவே லோகோ வழக்கமான உருவத்தில் இருந்து ஆட்கள் மட்டும் குண்டாக இருந்தால், படம் சேனலுக்கு வரும்போதே அல்லது சேனலுக்குள்ளேயே இழுக்கப்பட்டிருக்கிறது, உங்கள் வீட்டில் யாரும் ஒன்றும் செய்யவில்லை. லோகோவும் சேர்ந்து கொழுத்திருந்தால், லோகோ ஏறிய பிறகு யாரோ இழுத்திருக்கிறார்கள்: உள்ளூர் கேபிள்காரரின் கன்ட்ரோல் ரூம், பாக்ஸ், டிவி, மூன்றில் ஒன்று. லோகோவின் சரியான உருவம் என்ன என்று தெரிய, அதே சேனலைப் போனில் அவர்களுடைய ஆப்பிலோ நேரலையிலோ பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எல்லா லோகோவும் வட்டமாக வரையப்பட்டது கிடையாது. கேபிள்காரரா பாக்ஸா என்று பிரிக்க, தெருவில் அதே இணைப்பு வைத்திருக்கும் இன்னொரு வீட்டில் பார்ப்பதைத் தவிர சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

படத்துக்குள்ளேயும் வட்டம் தேடலாம். பழைய தமிழ்ப் படத்தில் மாட்டு வண்டி இல்லாமலா போகும்? நேர் பக்கவாட்டில் தெரியும் வண்டிச் சக்கரம், சுவர்க் கடிகாரம், சைக்கிள், ஏதாவது ஒன்று வரும்போது நிறுத்தி அளந்துவிடுங்கள், நிறுத்த முடியாவிட்டால் கண் மதிப்பீடு போதும். இரண்டு மூன்று பொருளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், சக்கரம் கொஞ்சம் திரும்பியிருந்தால் ஒல்லியாகத் தெரியும். திரை முழுக்க நிரம்பி, சக்கரமும் வட்டமாக இருந்தால் வெட்டியிருக்கிறார்கள். 4:3 படத்தை 16:9 ஆக வெட்டினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். நெற்றி போனது அதனால்தான், கூடவே பாதமும் போயிருக்கும், நடனக் காட்சியில் கவனித்துப் பாருங்கள். வெட்டினதை வீட்டிலிருந்து யாரும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. இழுத்ததை மட்டும் சரிசெய்யலாம்.

அளந்த விகிதம் பெரும்பாலும் யார் செய்தது என்று கைரேகை மாதிரி காட்டிக்கொடுக்கும். அகலம் உயரத்தைவிட 33 சதவீதம் அதிகம் என்றால் 4:3 படத்தை அப்படியே 16:9க்கு இழுத்திருக்கிறார்கள், சந்தேகமே வேண்டாம். 25 சதவீதம் ஒல்லி என்றால் 16:9 படத்தை 4:3க்குள் திணித்தது. ஆனால் ஸ்கோப் படத்தை 16:9க்குள் திணித்தாலும் ஏறக்குறைய அதே 25தான் வரும், டேப்பால் இவற்றைப் பிரிக்க முடியாது, என்ன படம் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 2, 3 சதவீத வித்தியாசம் வந்தால் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். பால் எஸ்டியில் 720 பிக்ஸலில் 702தான் கணக்குப்படி 4:3, மீதி ஓரத்து உபரி, இதைச் சிலர் கணக்கில் எடுப்பார்கள், சிலர் 720ஐயும் 4:3 ஆக வைத்துக்கொள்வார்கள், அந்தக் குழப்பம் இரண்டரை சதவீதம். அதைக் கண்ணால் பார்த்துப் புகார் சொன்ன யாரையும் இதுவரை நான் சந்தித்ததில்லை. அதேபோல் 1.375 படத்தை 1.33 ஆக மாற்றும்போது ஓரத்தில் ஒரு சீவல் போயிருக்கும். அதை அளந்து கண்டுபிடிக்க முடியாது, கவலைப்படவும் தேவையில்லை.

யூடியூபில் நாலு பக்கமும் கறுப்பு வருவது தனிக் கதை. யாரோ ஒருவர் ஏற்கெனவே மேலும் கீழும் கறுப்போடு வந்த படத்தை 4:3 கோப்பாக ஏற்றியிருப்பார், அந்தக் கறுப்பும் படத்தின் ஒரு பகுதியாகப் பதிந்துவிட்டது, 16:9 டிவியில் அதற்கு இரண்டு பக்கமும் இன்னும் கறுப்பு சேர்கிறது. டிவியில் ஜூம் போட்டால் இது சரியாகும், உருவமும் மாறாது, கொஞ்சம் மங்கும். ஆனால் பல டிவிகளில் ஆப் ஓடும்போது ஜூம் பொத்தான் வேலை செய்யாது. அப்போது வேறு பதிவைத் தேடுவதுதான் வழி.

கேள்விக்கு வெளியே ஒன்று, ஏனென்றால் இதே தவறு கல்யாண மண்டபத்தில் இதைவிடப் பெரிதாக நடக்கிறது. எல்இடி சுவர் 16:9 ஆக இருப்பது அபூர்வம். சதுரப் பெட்டிகளை அடுக்குகிறார்கள், இடத்துக்குத் தகுந்தபடி 12 அடிக்கு 8 அடி என்று வைத்தால் அது 1.5. கேமராவிலிருந்து வரும் 1.78 படத்தை 'ஃபுல் ஸ்கிரீன்' என்று பிராசஸரில் (சுவருக்குப் படம் அனுப்பும் பெட்டி) போட்டுவிட்டால் மாப்பிள்ளை பெண் இருவரும் சுமார் 16 சதவீதம் இளைத்துவிடுகிறார்கள், யாரும் புகார் சொல்வதில்லை என்பது வேறு விஷயம். அங்கேயும் இதே வட்டத்தை லேப்டாப்பிலிருந்து அனுப்பி, பிராசஸரில் உயரத்துக்குப் பொருத்தி ஓரத்தை வெட்டச் சொன்னால் வேலை முடிந்தது. புரொஜெக்டர் என்றால் முதலில் ஆட்டோ கீஸ்டோனை (படத்தின் கோணலைத் தானாகச் சரிசெய்யும் வசதி) அணைத்துவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது.

உங்கள் வீட்டுக்கு வருவோம். பாக்ஸில் டிவி வகை 16:9 என்று வையுங்கள், 4:3 நிகழ்ச்சிக்குப் பில்லர்பாக்ஸ் (இரண்டு பக்கமும் கறுப்பு விடுவது) அல்லது ஒரிஜினல் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், ஃபுல், ஸ்ட்ரெச் வேண்டாம். டிவியில் 16:9, ஓவர்ஸ்கேன் இல்லாமல். இரண்டு பெட்டியும் உருவத்தை மாற்ற முயன்றால்தான் குழப்பம், ஒன்றையே மாற்றவிடுங்கள். அதற்குப் பிறகும் லோகோ சரியாக, ஆட்கள் மட்டும் குண்டாக வரும் சேனலுக்கு, டிவி ரிமோட்டில் 4:3 போட்டுவிடுங்கள். 33 சதவீதம் இழுத்ததை அது அப்படியே திரும்ப அழுத்திவிடும், படம் 91 சென்டிமீட்டர் அகலத்தில் நிற்கும், லோகோ மட்டும் ஒல்லியாகும், அதனால் யாருக்கு என்ன? படம் முடிந்ததும் திரும்ப 16:9க்கு மாற்ற மறந்துவிட்டால் அடுத்து வரும் செய்தியில் எல்லோரும் ஒல்லியாகிவிடுவார்கள், அதைப் பார்த்தாவது ஞாபகம் வரும். ஓஎல்இடி டிவி என்றால் தினமும் மணிக்கணக்கில் பக்கவாட்டுக் கறுப்போடு ஓட்டாமல் நடுநடுவே முழுத்திரை நிகழ்ச்சியும் பாருங்கள், நடுப்பகுதி மட்டும் தேய்வது உண்மையான பிரச்சினை. எல்சிடியில் அந்தக் கவலை இல்லை.

அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காசு கொடுத்து வாங்கின திரையில் இரண்டு பக்கமும் எதற்குச் சும்மா கிடக்க வேண்டும் என்று கேட்கும் பெரியவர்கள் நிறைய, குண்டு முகம் அவர்களுக்குப் பழகியிருக்கும். என் கட்சி சரியான உருவம்தான், இருந்தாலும் பார்ப்பது அவர். 14:9 என்ற நடுவாந்தர அளவு சில டிவிகளில் உண்டு, கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் கறுப்பு விடும், அதில் பலர் சமாதானமாகிவிடுவார்கள்.

கடைக்குப் போக வேண்டிய நிலை ஒன்றே ஒன்றுதான்: டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்து, பென் டிரைவில் 3840க்கு 2160 வட்டத்தை ஓட்டி, எல்லாப் பட அளவையும் மாற்றிப் பார்த்த பிறகும் எதிலுமே வட்டம் வட்டமாக வரவில்லை என்றால். அப்போதும் முதலில் மென்பொருள் அப்டேட் கேளுங்கள், பேனலை மாற்றச் சொல்லாதீர்கள். அதற்கு முன்னால் அந்தக் குண்டுச் சேனலில் லோகோ எப்படித் தெரிகிறது, ஏதாவது ஒரு சக்கரத்தின் குறுக்கும் நெடுக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று இரண்டையும் இங்கே எழுதுங்கள், எந்த இடத்தில் இழுத்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.